கைக்கணினியும் மதிப்புரையும்

ஒரு பொருளை விலைகொடுத்துக் கொள்ளுமுன் அதனை அறிந்தார் ஒருவரை உசாவுதல் மக்கட்கு இயல்பு. சந்தைக்கு மாடு பிடிக்கச் செல்வோன் தரகனை மட்டும் நம்பிச் செல்வதில்லை. மாடு வளர்த்துப் பழகிய அண்டை வீட்டுக்காரன் ஒருவனையும் உடனழைத்துச் செல்கின்றான். பல்லைப் பிடித்துப் பார்ப்பவனும், சுழியை நோக்குபவனும், நாலடி நடத்திப் பார்ப்பவனும் அவ்வண்டை வீட்டுக்காரனே. பணம் கொடுப்பவனோ அருகில் நின்று அவன் முகக்குறிப்பையே நோக்கிக்கொண்டிருப்பான். இயந்திரப் பொருள்கள் பெருகிய பின்னர் அவ்வண்டை வீட்டுக்காரனுடைய இடத்தைப் பத்திரிகை மதிப்புரை பெற்றது. அம்மதிப்புரை பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பேசிற்றா, அன்றித் தரகன் சொன்னதையே தன் குரலில் திருப்பிச் சொல்லிற்றா என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது.

இவ்வாராய்ச்சிக்குக் கைக்கணினியைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. சட்டைப்பையில் அடங்குவதாய், சிறு கோலால் திரைமீது எழுதவும் தொடவும் அமைந்ததாய், நாட்குறிப்பும் முகவரியும் கணக்கும் காப்பதாய் இருந்த அக்கருவி, ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் மெசேஜ்பேட் வெளிவந்த 1993 ஆம் ஆண்டு முதல், அதன் தொழில்களையெல்லாம் கைப்பேசி விழுங்கிக்கொண்ட காலம் வரை, ஏறத்தாழப் பதினைந்தாண்டு விற்பனையில் விளங்கிற்று. பி. சி. மாகசீன் போன்ற பெரும் பத்திரிகைகள் அதனை மதிப்பிட்டன. பென் கம்ப்யூட்டிங் போன்று இவ்வகைக் கருவிகட்கெனவே நடந்த பத்திரிகைகளும் அமெரிக்காவில் உண்டு. இன்று அக்கருவிகள் மறைந்தன. பி. சி. மாகசீனின் அச்சுப் பதிப்பும் 2009 சனவரியோடு நின்றது. வழக்கு முடிந்து தீர்ப்பும் வெளிவந்தபின், சாட்சிகளின் வாக்குமூலங்களை எடுத்து அத்தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதன்றோ? இன்று விற்கும் பொருள்களைப்பற்றி அவ்வாறு செய்ய இயலாது.

தமிழ் பயில்வார் இதனை ஆராய்தல் என்னையெனின், மதிப்புரை என்பது நமக்குப் புதியதன்று. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாதென்று கருதிய நம் முன்னோர், அவன் நூலின் சிறப்பைப் பிறர் கூறுமாறு சிறப்புப்பாயிரம் என ஒன்று வகுத்தனர். அதனைச் செய்தற்குரியார் இன்னார் என்பதையும் நன்னூலார் வரையறுத்தார்: ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன். இந்நால்வரும் நூலாசிரியன் பக்கத்தவரே என்பது நோக்கத்தக்கது. அறிவு நெருக்கத்தால் வருவது. அந்நெருக்கமே நடுவுநிலைமைக்கு இடையூறாவதும் உண்டு. கைக்கணினி மதிப்பிட்டார் நிலையும் இதுவே. திங்களிதழ் ஒன்று வாசகர் கையை அடைவதற்குப் பல கிழமைகட்கு முன்னரே அச்சுக்குச் செல்லவேண்டும். ஆகவே கருவி கடைக்கு வரும் நாளில் மதிப்புரையும் வரவேண்டுமாயின், நிறுவனமே ஒரு மாதிரிக் கருவியை முன்னதாகக் கொடுத்தாலன்றி இயலாது. கருவியோடு அதன் சிறப்பியல்புகளை வரிசைப்படுத்திய தாள் ஒன்றும் வரும். பக்கத்தைத் திருப்பினால் அதே நிறுவனத்தின் விளம்பரம் முழுப்பக்கத்தில் நிற்கும். இது கண்டு மதிப்புரையாளரெல்லாம் விலைபோயினர் என்பாரும் உளர். யாம் அவ்வளவு தூரம் செல்லோம். நேர்ந்த பிழைகளை நோக்குங்கால், அவை கையூட்டினும் சோம்பலையே மிகுதியும் காட்டுகின்றன.

பிழை எங்கே புகுந்தது என்று அறிவதற்கு நம் அளவை நூல் பெரிதும் துணைசெய்யும். பொருளை அறியும் வாயில்கள் பல என்பர். மணிமேகலையிற் பத்து அளவைகள் பேசப்படுகின்றன. சிவஞான சித்தியார் அவை எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். இம்மூன்றே ஈண்டைக்குப் போதும். மதிப்புரையின் ஒவ்வொரு வாக்கியமும் இவற்றுள் ஒன்றன்பாற்படும். ‘இக்கருவி கையில் வழுக்குகின்றது’ என்பது காண்டல். ‘இதன் உட்கருவி விரைவுடையதாதலின் வேலையும் விரைவில் முடியும்’ என்பது கருதல். ‘இதன் திரை இத்தனை வண்ணங்களைக் காட்டும்’ என்பது, எழுதியவர் தாமே அளந்திலராயின், உரை. உரையளவை இழிந்ததன்று, ஆப்தர் கூறும் மொழி கொள்ளத்தக்கதே. ஆனால் விற்போர் மொழியை ஆப்த மொழியாகக் கொண்டு, அதனைக் காண்டல்போல அச்சிட்டுவிடின், படிப்போர் எங்ஙனம் பிரித்தறிவர்?

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஒன்றை விரித்துரைப்போம். உள்ளங்கை எனப் பொருள்படும் பெயர்கொண்ட பாம் நிறுவனம் 2002 மார்ச்சில் எம் 130 என்னும் வண்ணத்திரைக் கைக்கணினியை வெளியிட்டது. அதன் திரை 65,000-க்கு மேற்பட்ட வண்ணங்களைக் காட்டும் என்பது விளம்பரம். மதிப்புரைகள் பலவற்றிலும் அவ்வெண்ணே நின்றது. ஐந்து திங்கள் கழிந்து, அவ்வாண்டு ஆகஸ்டில், அவ்வெண் பிழையென்றும், கருவி காட்டவல்லது 58,621 வண்ணக் கலவைகளே என்றும் நிறுவனமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. வாங்கியோர் சிலர் வழக்கும் தொடுத்தனர்.

குறைவு 6,915, நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொன்று. இஃது ஒரு பெருங்குற்றமோ என்று கேட்பார் இருக்கலாம். எண்ணின் உள்ளே புகுந்து பார்த்தால்தான் செய்தி விளங்கும். திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றின் கலப்பால் நிறம் பெறும். சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6 பிட், நீலத்துக்கு 5 பிட், ஆக 16 பிட் ஒதுக்கினால், சிவப்பில் 32 படியும் பச்சையில் 64 படியும் நீலத்தில் 32 படியும் உண்டாம். இவற்றைப் பெருக்க வருவது 65,536. எம் 130-இன் திரையோ 12 பிட் திரை. ஒவ்வொரு நிறத்துக்கும் 4 பிட்டே உண்டு. 16-ஐ மும்முறை பெருக்க வருவது 4,096 மாத்திரமே. எஞ்சியவை, அடுத்தடுத்த புள்ளிகளில் இரு நிறங்களை விரவி வைத்தும், ஒரு புள்ளியையே இரு நிறங்களுக்கிடையே விரைந்து மாற்றியும், கண்ணை மயக்கிப் பெறும் கலவைகள். ஆகவே குறைவு நூற்றுக்குப் பதினொன்று என்பதும் ஒரு கணக்கு. திரை உண்மையில் உடையது பதினாறில் ஒரு கூறே என்பதும் ஒரு கணக்கு.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. எம் 130-இன் திரை நீளத்தில் 160 புள்ளி, அகலத்தில் 160 புள்ளி. மொத்தம் 25,600 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு நிறமாக வைத்தாலும் ஒரே காலத்தில் 25,600 நிறங்கட்குமேல் அத்திரையில் நிற்க இடமில்லை! மதிப்புரையாளர் ஒருவர் ஒருகணம் பெருக்கல் வாய்பாட்டை நினைந்திருந்தால், 65,000 என்னும் எண்ணை எழுதுமுன் பேனா சற்றே தயங்கியிருக்கும். ஆயினும் நடுவுநிலைமை பற்றி ஒன்று கூறவேண்டும். பெரிய வண்ணப்பேழை வீணன்று. நூறு சேலைகள் உள்ள கடையில் ஒன்றே வாங்கினும், வேண்டிய நிறத்தைத் தெரிந்தெடுத்தற்கு நூறும் வேண்டுமன்றோ? யாம் குறை கூறுவது எண் பெரிதாயிருந்தமையை அன்று. அதனை எவரும் எண்ணிப் பாராமையையே.

எண்ணிப் பார்த்தல் அரிதோவெனின், அன்று. கருநிறத்தில் தொடங்கி முழுச்சிவப்பில் முடியுமாறு, இடமிருந்து வலமாகப் படிப்படியே மாறும் படம் ஒன்றைத் திரையில் இடுக. சிவப்புக்கு 5 பிட் இருப்பின் 160 புள்ளி அகலத்தில் 32 பட்டைகள், ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலமாய்த் தோன்றும். 4 பிட்டே இருப்பின் பட்டை 16. அகலம் 10 புள்ளி. இடையில் கலப்பு உத்தி இருப்பின், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்க, பட்டைகளின் எல்லையில் இரு நிறப் புள்ளிகள் எள்ளும் அரிசியும்போல விரவிக் கிடப்பதைக் காணலாம். இதற்கு வேண்டுவது ஒரு படமும், ஒரு கண்ணாடியும், கால்மணி நேரமுமே. திரை எவ்வளவு ‘மின்னுகின்றது’ என்று ஒரு பத்தி எழுத எடுத்துக்கொள்ளும் நேரத்தினும் இது மிகாது.

இவர்கட்கு முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இரண்டாண்டுக்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டில், ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் தன் ஜோர்னாடா 540 வரிசைக் கைக்கணினிகளுக்கு 65,536 வண்ணம் எனக் கூறி, பின்னர் அவை காட்டுவன 4,096 வண்ணங்களே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டில் காம்பேக் நிறுவனத்தார் தம் ஐபேக் 3600 வரிசைக்கு 4,096 வண்ணம் என்றே வெளிப்படையாய் அறிவித்தனர். இவ்விரண்டையும் ஒரு பட்டியலில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த வாசகன் யாது கருதியிருப்பான்? ஒன்று மற்றொன்றினும் பதினாறு மடங்கு சிறந்தது என்று கருதியிருப்பான். உண்மையில் எண்ணளவில் இரண்டும் ஒன்றே. வாய்மை கூறியவன் பட்டியலில் தோற்றான். இதனையே யாம் பட்டியல் முறையின் பெருந்தீங்காகக் கருதுகின்றோம். பொய்யுரைத்தவன் சிறிது காலம் வென்றது சிறிது, மெய்யுரைத்தவன் தண்டிக்கப்பட்டது பெரிது.

பட்டியல் பிறிதொரு வகையிலும் மயக்கும். யூ. எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் கீழிருந்த பாம் பிரிவினர் 1996-இல் வெளியிட்ட பைலட் 1000 என்னும் முதற்கருவியின் நினைவகம் 128 கிலோபைட்டே. விசைப்பலகை இல்லை, திரையில் வண்ணமும் இல்லை. 1994-இலேயே வெளிவந்திருந்த ஹியூலெட்-பேக்கார்டு 200 எல். எக்ஸ். என்னும் கருவி, விசைப்பலகையும், கணக்கேட்டுச் செயலியும், அட்டை செருகும் இடமும் உடையது. பட்டியலில் குறியிட்டு எண்ணினால் பைலட் எழுந்து நிற்கவே இயலாது. எனினும் உலகம் பைலட்டையே ஏற்றது. ஒரு பொத்தானை அழுத்திய அளவில் மேசைக் கணினியின் குறிப்புகளும் இதன் குறிப்புகளும் ஒத்துக்கொள்ளும் என்பதும், எடுத்தவுடன் காத்திராமல் திறக்கும் என்பதும், இரண்டு சிறு மின்கலங்களோடு வாரக்கணக்கில் உழைக்கும் என்பதும் பட்டியலின் எந்தக் கட்டத்தில் அடங்கும்? இதனைத் தம் சட்டைப்பையில் சில நாள் வைத்துத் திரிந்தவரே உணர்ந்தெழுத முடியும்.

இனிக் கருதலளவை பிழைத்த கதை. 206 மெகாஹெர்ட்சு விரைவுடைய ஸ்ட்ராங்ஆர்ம் என்னும் உட்கருவிகளை அந்நாளைய பாக்கெட் பி. சி. கைக்கணினிகள் கொண்டிருந்தன. 2002-இல் இன்டெல் நிறுவனத்தார் 400 மெகாஹெர்ட்சு விரைவுடைய எக்ஸ்-ஸ்கேல் உட்கருவியைக் கொண்டுவந்தனர். இருநூற்றாறு நானூறாயிற்று, ஆகவே விரைவும் ஏறத்தாழ இருமடங்காம் என்பது கருதல். ஆயின் புதிய கருவிகள் கைக்கு வந்து, ஒரே வேலையைப் பழையதிலும் புதியதிலும் செய்வித்து நேரம் குறித்தபோது, பல சோதனைகளில் விரைவு சிறிதே மிகுந்தது. சிலவற்றில் பழையதே முந்திற்று. காரணம், அக்கருவிகளை இயக்கிய பாக்கெட் பி. சி. 2002 என்னும் இயக்குமுறை பழைய உட்கருவிக்கும் புதியதற்கும் பொதுவாய், பழையதன் இலக்கணப்படியே அமைக்கப்பட்டிருந்தது. இவ்வுண்மையை வெளிப்படுத்தியவரும் மதிப்பிட்டாரே என்பதை மறவாது கூறுதல் வேண்டும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்ட மதிப்புரையாளர் அன்று வாசகரைக் காத்தனர். காண்டல் கருதலைத் திருத்திற்று. இதுவே முறை.

காண்டலும் காலத்தால் பிழைபடும் என்பதற்கு நியூட்டன் சான்று. எழுதியதைத் தானே படித்து அச்செழுத்தாக்கும் என்ற புகழோடு 1993 ஆகஸ்டில் அது வெளிவந்தது. முதலில் அதனைக் கையாண்டோர், தாம் எழுதிய சொல் ஒன்றாகவும் அது படித்த சொல் வேறொன்றாகவும் இருக்கக் கண்டு எழுதினர். அம்மாதத்திலேயே டூன்ஸ்பரி என்னும் நாளிதழ்ச் சித்திரத் தொடரும் அதனை எள்ளி நகையாடிற்று. அவர்கள் கண்டது பொய்யன்று. அதன் முதற்படிப்பான் தன் அகராதியிலுள்ள சொற்களோடு பொருத்தியே எழுத்தை உணரும். அகராதியில் இல்லாத பெயரை எழுதினால், உள்ள சொல் ஒன்றை அதன் இடத்தில் வைக்கும். உடையவரின் கையெழுத்தை நாளடைவில் கற்றுத் தேறவும் வல்லது அது. சில நாள் மட்டும் வைத்திருந்து திருப்பியளிப்போர் அத்தேர்ச்சியைக் காண இயலுமோ? பின்னர் 1996-இல் இரண்டாம் பதிப்பு இயக்குமுறையோடு வந்த புதிய படிப்பான், அச்செழுத்துப்போல் பிரித்தெழுதுவதைப் பெரிதும் பிழையின்றிப் படித்தது. ஆனால் முதல் நகைப்பு மக்கள் நெஞ்சில் ஊறிவிட்டது. 1998 பிப்ரவரியில் நியூட்டன் நிறுத்தப்பட்டது. நகைப்பொன்றே அதனைக் கொன்றது என்னோம். விலையும் பருமனும் அதற்குப் பகையாயின. எனினும் திருந்திய நூலுக்குத் திருந்திய மதிப்புரை வருவது எவ்வளவு அரிது என்பதை அது காட்டுகின்றது.

மிகநல்ல மதிப்புரையாளரும் காணமுடியாதது ஒன்றுண்டு. அது காலம். சையான் நிறுவனத்தின் சீரிஸ் 5 என்னும் 1997 ஆம் ஆண்டுக் கருவி, சட்டைப்பை அளவில் அமைந்த அதன் விசைப்பலகைக்காகப் புகழப்பட்டது, அப்புகழ் தக்கதே. அதனைத் திறந்து மூடும்போதெல்லாம் திரைக்குச் செல்லும் மெல்லிய பட்டைக்கம்பி வளைந்து நிமிரும். நெடுநாள் வளைந்த கம்பி இற்றுத் திரை கெடுவது அக்கருவியுடையார் பலர் கண்ட குறை. இரண்டு கிழமை வைத்திருந்தவர் கம்பி இறுவதை எங்ஙனம் காண்பார்? ஓராண்டு கழித்து மீண்டும் அதே கருவியை எடுத்து ஒரு பக்கம் எழுதும் வழக்கம் பத்திரிகைகளுக்குள் பெருகியிருந்தால் நன்றாயிருக்கும். புதியதற்கே இடம் போதாத இதழில் பழையதற்கு யார் இடம் தருவர்?

இவ்விடத்தில் எம் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. எம் தந்தையார் பள்ளியாசிரியர். பனையேறுவோர் வழங்கும் சொற்களைத் தொகுப்பது அவர்தம் விருப்பம். யாம் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்னர், மதிப்புரை ஒன்றைப் படித்து, சேர்த்த பொருளையெல்லாம் கொடுத்து ஒரு கைக்கணினி வாங்கினார். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. தமிழெழுத்து அதில் இடம்பெறாமையால், உரோம எழுத்திலேயே சொற்களை ஒவ்வொன்றாகக் கோலால் பதிந்துவந்தார். ஊர் ஊராகச் சென்று, விடிலியின் அடியில் அமர்ந்து, முதியோர் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பதிந்தவை அவை. ஒருமுறை நோயுற்று மூன்று கிழமை மருத்துவமனையில் கிடந்தார். மீண்டுவந்து கருவியைத் திறந்தபோது மின்கலம் முற்றும் ஓய்ந்திருந்தது. மின்னூட்டியபின், வாங்கிய நாளிற்போலவே அஃது அவர் பெயரைக் கேட்டது. சொல் ஒன்றும் இல்லை.

அந்நாளைய கைக்கணினிகள் பலவும், மின்னோட்டம் உள்ளவரையே நிற்கும் நினைவகத்தில் எழுதியவற்றை வைத்திருந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இயக்குமுறையைக் கொண்டவற்றில், மின்கலம் ஓய்ந்தாலும் எழுதியது அழியாமல் காக்கும் அமைப்பு 2005-இல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0 பதிப்போடுதான் இயல்பாயிற்று. மேசைக் கணினியில் ஒரு படி எடுத்து வைப்போர்க்கு இஃது அத்துணைக் கேடன்று. எம் தந்தையாரிடம் மேசைக் கணினி இல்லை. மதிப்புரை எழுதியவர் மேசைமீது கணினி இல்லாத வாசகன் ஒருவனை நினைந்திலர் போலும்.

அம்மதிப்புரையை வெட்டிக் கருவியின் உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார் தந்தையார். சென்ற கோடை விடுமுறையில் அதனை எடுத்து, வாக்கியந்தோறும் பக்கத்தில் கா, க, உ என்று பென்சிலால் குறித்துப் பார்த்தோம். திரையின் வண்ண எண், நினைவகத்தின் அளவு, மின்கலம் உழைக்கும் மணிநேரம் என எண்ணுள்ள வாக்கியங்களெல்லாம் ‘உ’ ஆயின. கோல் கழன்று விழுகின்றது என்றும், உறை விரைவில் கிழியும் என்றும் கூறிய இரண்டே ‘கா’ பெற்றன; அவ்விரண்டும் இன்றளவும் மெய்யாக உள்ளன. நினைவகம் ‘எல்லாக் குறிப்புகளையும் காக்கப் போதுமானது’ என்னும் வாக்கியத்தின் அடியில் தந்தையார் அந்நாளிலேயே மைக்கோடு ஒன்று இழுத்திருந்தார். அதற்கு யாது குறியிடுவது என்று அவரையே கேட்டோம். சற்று நேரம் பார்த்திருந்து, பென்சிலை வாங்கி, ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பேழையிலிருந்து எடுத்தார். பாளை, நுங்கு, பதநீர், அரிவாட்பெட்டி எனத் தொடங்கி, நினைவிலிருந்து மீண்டவற்றை அதில் எழுதியிருந்தார். பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.